தெளிந்த தண்ணீரில் வோல்ஐ

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் மீன்பிடிப்பதைப் பற்றி யார் சந்தேகம் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். அந்த நிபுணர் பதவியை எனக்குக் கொடுத்தது வேறு யாருமல்ல, நானே. தொழிற்சாலையில் என் மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் சொல்லித்தந்த ஒரே ஒரு வித்தைதான் கையிருப்பு. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடு. அணைக்குக் கீழே பாலத்தடியில் நில். ஈயத்தலை வைத்த போலி இரையான மஞ்சள் ஜிக்கை எறிந்து அடித்தரையில் தட்டித் தட்டி இழு. ஆறு அப்போது தேத்தண்ணீர் நிறம். நடு மத்தியானத்திலும் வோல்ஐ மீன் வந்து கொத்தும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஆறு தெளிந்துபோனது. எங்கிருந்தோ கப்பல்களோடு வந்த, விரல் நகமளவு வரி போட்ட மட்டிகள் கல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடித்துவிட்டன. அடியில் கிடந்த பியர் ரின்னின் எழுத்தைக்கூட வாசிக்கலாம். ஆறு சுத்தமாகிவிட்டதென்று எல்லோருக்கும் சந்தோசம், வோல்ஐயைத் தவிர. இருட்டுக்கென்று அமைந்த கண் அதற்கு, வெளிச்சம் கூசும். அது இடம் மாறியது. நான் மாறவில்லை. ஒரு வருடம் முழுக்க அதே பாலத்தடியில் அதே மஞ்சளை எறிந்தேன். இரண்டு தடவை வரும் வழியில் ஸ்காபரோ மீன்கடையில் தலையோடு வாங்கி, ‘இண்டைக்குப் பிடிச்சது’ என்று மனைவியிடம் கொடுத்தேன். விலைத்துண்டைக் கிழித்தேனா என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஜூன் சனிக்கிழமை அஜக்ஸ் நகரிலிருந்து மச்சான் வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த அண்ணன். அவர் வந்தது மீனுக்காக அல்ல, எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கிருந்தவரைப் பார்க்க. முப்பத்திரண்டு வயது, நிரந்தர வேலை, சத்தமில்லாத மனிதர். எங்களோடு மேல்மாடியில் இருந்த மச்சாளுக்கு, அதாவது என் மனைவியின் தங்கைக்கு, அவரைப் பிடித்திருந்தது. கீழே போகவேண்டிய கடிதங்களை அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு கடிதத்துக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். சாதகமும் பொருந்திவிட்டது. மச்சான் தலையாட்டவேண்டியதுதான் பாக்கி. “ஆற்றங்கரையில ஆளைப் பார்த்தால் குணம் தெரியும், வாங்கோ” என்று அழைத்தவன் நான்.

பாலத்தடியில் வெயில் கொளுத்தியது. மஞ்சளை எறிந்தேன். பச்சையை எறிந்தேன். பிறகு, வாங்கிய நாளிலிருந்து எதற்கென்றே தெரியாத கரண்டி வடிவிலான ஒரு வெள்ளி இரையையும் எறிந்தேன். மச்சான் மடக்குக் கதிரையில் சாய்ந்திருந்து சொன்னார்:

“நீர் மீன் பிடிக்கிறீரோ, மீனுக்குக் கடை பரப்புறீரோ?”

வேர்த்துக் கொட்டியது. முடிச்சுப் போடும்போது தூண்டில் என் சட்டையிலேயே கொழுவியது. அன்றைக்கு நான் பிடித்தது அது ஒன்றுதான்.

வாடகைக்காரர் மெதுவாகச் சொன்னார். “அண்ணை, காத்து அடிக்கிற மற்றக் கரைக்குப் போவமோ? அங்கை அலை எழும்புது. மேல் தண்ணி கலங்கினால் வெளிச்சம் உள்ளுக்குப் போகாது. மீனுக்குக் கண் கூசாது.”

“உது ஆறு தம்பி, கடல் இல்லை” என்றேன். மச்சான் எழும்பி அவர் பின்னால் போய்விட்டார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் என் தடித்த தங்கூசி நூலைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலோன் கட்டினார். ஈயத்தைப் பாதியாக்கினார். ஜிக்கை எடுத்தெறிந்துவிட்டு வெறும் தூண்டிலில் புழுக் குத்தினார். பிறகு தடியைக் கல்லில் சாத்திவிட்டு, தங்கூசியைச் சுட்டுவிரல் நுனியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். விரல் அசைந்தது. இழுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு வோல்ஐ. பத்து நிமிடத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

“ஒரு வருசமாய் இவர் ஆத்துக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்” என்று மச்சான் என்னைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். “தம்பியிட்ட ரியூசன் எடும் ஐசே.”

எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. தொழிற்சாலை வேலை போனபோதுகூட அப்படிப் பதறவில்லை. பகிடிக்காரன் பதறினால் வாயில் வருவது பகிடிதான். நான் சொன்னேன்:

“பின்னை என்ன மச்சான், நான் பள்ளிக்கூடத்தில படிச்ச கை. உது பரம்பரைக் கையெல்லோ!”

நானே சிரித்தேன். மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. யாழ்ப்பாணத்தார் சாதியைச் சாதியென்று கேட்கமாட்டார்கள், ஊரின் திசையைக் கேட்பார்கள்.

“தம்பி, டவுனுக்குக் கிட்ட எண்டுதானே சொன்னனீர். எந்தப் பக்கம்?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றியபடி சொன்னார்: “கரைப் பக்கம் அண்ணை. அப்பா கடலுக்குப் போறவர்.”

“ஓ. நல்லது” என்றார் மச்சான். அதற்குப் பிறகு 401 முழுவதும் அவர் காலநிலையைப் பற்றி மட்டுமே கதைத்தார், அதுவும் என்னோடு. இறங்கும்போது பெரிய மீன்கள் இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மச்சானிடமிருந்து மனைவிக்குத் தொலைபேசி வந்தது. சாதகத்தை வேறொரு ஐயரிடம் காட்டினாராம், பொருந்தவில்லையாம். வாடகைக்காரரிடம் அதைச் சொல்லும் வேலை எனக்கு. பேஸ்மென்ட் படியில் நின்று ‘ஐயர்’, ‘செவ்வாய்’, ‘தோசம்’ என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “மாத முடிவில வீட்டை விட்டு எழும்புறன் அண்ணை” என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் மச்சாள் கீழே போய் ஆற்றங்கரையில் நடந்ததைக் கேட்டறிந்துவிட்டு வந்து, தொலைபேசியை என் முன்னால் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அத்தான், நீங்கள் பகிடிக்குத்தானே சொன்னனீங்கள்?”

“ஓம் பிள்ளை, சும்மா பகிடி.”

“அப்ப அதை அண்ணையிட்டச் சொல்லுங்கோ. பரம்பரையைப் பற்றிக் கதைச்சது பிழையெண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். இப்பவே.”

நம்பரையும் அவளே அழுத்தினாள். மணி அடித்தது. சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். நல்ல வசனம், எழுவாய் பயனிலை எல்லாம் இருந்தது. மறுமுனையில் மச்சானின் குரல் கேட்டது.

“ஹலோ? ஆர்?”

“நான்தான் மச்சான்” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சும்மாதான் எடுத்தனான். மீன் எப்பிடி? கறி வைச்சீங்களோ?”

“அதையேன் கேக்கிறீர்! பிள்ளையள் சட்டியை வழிச்சுப்போட்டுதுகள். அடுத்த முறை போகேக்கை எனக்கும் சொல்லும்.”

“ஓம் மச்சான். கட்டாயம்” என்றேன்.

மச்சாள் என் கையிலிருந்து ரிசீவரை எடுத்து, அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, சத்தமில்லாமல் வைத்தாள்.