அறுபத்திரண்டு வீட்டுப் பூ

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பல் பட்டறையில் துரு சுரண்ட வந்தவன், சிராங்கூன் சாலையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் பாத்திரக்கடை போட்டேன். பிறகு அதே வரிசையில் இரண்டு கடைவீடுகள். கல்யாணத்துக்கு அண்டா, குத்துவிளக்கு வாடகைக்கு விடுவதை இந்த வட்டாரத்தில் பெரிய தொழிலாக்கியது நான்தான். குவீன்ஸ்டவுனில் வீடு வாங்கினேன். ஒரே மகனைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தேன். ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியாதவன் இத்தனை செய்தானே என்று சமூக மன்றத்தில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். நானும் மைக்கைப் பிடித்து, மனசு வைத்தால் முடியாதது எதுவுமில்லை என்பேன். கைதட்டுவார்கள்.

அந்தப் பேச்சை நான் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்திருக்கலாம்.

மகன் வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஒருநாள் ஸ்டார்ட்அப் தொடங்கப் போவதாகச் சொன்னான். தொடுத்த மல்லிகையும் கொஞ்சம் உதிரிப்பூவும் காலைப் பூஜைக்கு முன்னால் வீட்டுக் கம்பிக்கதவில் வந்து தொங்கும். கைப்பேசியில் மாதச் சந்தா கட்டினால் போதும். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டு இறங்கினான். என்னை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவன் இல்லை அவன்.

"மூணு மாசத்துல அறுபது வீடு சேரணும்ப்பா. சேரலன்னா ஐடியா சரியில்லன்னு அர்த்தம். பேசாம வேலைக்குத் திரும்பிடுவேன்."

"அறுபது என்னடா, அறுநூறு வரும்" என்றேன்.

இரண்டு மாதம் முடிந்தபோது சேர்ந்தது இருபத்து மூன்று வீடு. சாப்பிடும்போதும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள், ஆபீஸுக்குத் திரும்பி வருவதாக எழுதிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த காலத்தில் தட்டிக்கொடுக்க ஒரு ஆள் இல்லை. என் பிள்ளைக்கு நான் இருக்கிறேனே என்று நினைத்தேன்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் அடித்தேன். எத்தனையோ பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகையே வாங்காமல் அண்டா கொடுத்தவன் நான். பையன் ஒரு தொழில் தொடங்கியிருக்கிறான், மூன்று மாதம் சேருங்கள், நான் சொன்னதாக மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம் என்றேன். முப்பத்தொன்பது வீடு. ஒருவர்கூட மறுக்கவில்லை. என் முகத்துக்கு அத்தனை மதிப்பு இருந்தது.

"அப்பா, அறுபத்தி ரெண்டு லா" என்று வாசலில் நின்றபடியே அவன் சொன்ன முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த வாரமே வங்கி வேலையை விட்டான். குளிரறையோடு ஓர் இடம் எடுத்தான், பூ தொடுக்க நாலு பேரை வைத்தான். சமூக மன்றத்தில் அந்த முறை அவனைப் பற்றித்தான் பேசினேன்.

சில வாரம் கழித்து தோ பாயோவில் உடம்பு சரியில்லாத ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டுக் கம்பிக்கதவில் எங்கள் பூப்பை மூன்று பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி எனக்குத் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். ஒரு தட்டு முழுக்க அதே பைகள், உள்ளே பூ பழுப்பேறிப் போயிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணே. எங்க வீட்ல தினம் விளக்கேத்துற பழக்கமே கிடையாது. இதை எப்ப நிறுத்தலாம்னு உங்ககிட்ட கேக்கணும்னு அவரு சொல்லிட்டே இருக்காரு."

அன்றைக்கே மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்று அத்தனை பேரையும் மறுபடி கேட்டேன். பொறுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சந்தாவை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று மகன் வீடு வீடாகப் போய்க் கேட்டான். ஊருக்குப் போகிறோம் என்றார்கள், பூ வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உண்மையை ஒருவரும் சொல்லவில்லை. அதுவும் என் முகத்துக்காகத்தான். அவன் பூவை மாற்றினான், நேரத்தை மாற்றினான், பாதி உடம்பாக இளைத்தான். ஒன்றரை வருஷத்தில் மூடிவிட்டான். வங்கியில் அவன் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று.

போன மாதம், தோற்ற அனுபவத்தைப் பேச வரும்படி இளைஞர் கூட்டம் ஒன்றில் அவனைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்ததை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். மக்களுக்கு என்ன வேண்டும் என்று தனக்குக் கணிக்கத் தெரியவில்லை, தவறு முழுக்கத் தன்னுடையது என்று இருந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை மடியில் வைத்து, அதிலிருந்த அறுபத்திரண்டு என்ற எண்ணை விரலால் தடவினான்.

"அப்ப அந்த இருபத்தி மூணுதான் நிஜம். அறுபது சேரலன்னா விட்டுடணும்னு நான் சரியாத்தான் கணிச்சிருக்கேன், இல்லப்பா?"

இத்தனை காலமாக அவன் தன்னையே நம்பாமல் திரிந்திருக்கிறான்.

பிறகு அவனே சொன்னான், "விடுங்கப்பா. மேடையில இதெல்லாம் எதுக்கு? உங்க பேரு கெட்டுரும்."

விட மாட்டேன். என் கடையில் சீருக்கு வாங்கும் பாத்திரத்தில், கொடுத்தவர் பெயரை நானே உளி பிடித்து வெட்டித் தருவேன். யார் கொடுத்தது என்று பிற்பாடு தெரிய வேண்டும் அல்லவா? கடையும் வீடும் என் உழைப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் நான். இதுவும் என் வேலைதான். மகனே, உன் தாளில் அறுபத்திரண்டு என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பக்கத்தில், முப்பத்தொன்பது என் அப்பா சேர்த்தது என்று எழுது. மேடையில் அதைச் சத்தமாகப் படி. நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.