அதை விட்டிடு

பங்கு வாங்க எந்த மடையனாலும் முடியும், விற்கத்தான் தெரிய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். அதில் எனக்கு ஒரு தடிப்பு.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான் கிளியர் பண்ணும் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் வேலை. துறைமுகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் பகுதியில் இருந்த பங்குத் தரகரின் மண்டபத்தில் போய் இருந்துவிடுவேன். அங்கே ஒரு திரையில் விலைகள் ஓடும். அதையே பார்த்தபடி ஒரு முப்பது பேர், பாதிப்பேர் பென்சன் எடுத்த யாழ்ப்பாணத்தார். நகரத்தில் குண்டு வெடித்தால் "எவ்விடத்திலயாம்?" என்று ஒருத்தர் கேட்பார். எத்தனை பேர் செத்தது என்று கேட்க ஆள் இருக்காது. "ஹோட்டல் எவ்வளவு இறங்கிச்சுது?" என்பதுதான் அடுத்த கேள்வி. சண்டை என்றால் வெள்ளைக்காரன் வரமாட்டான், ஹோட்டல் பங்கு விழும். சமாதானம் என்று யாராவது வாய் திறந்தால் ஏறும். எங்களுக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான். வெட்கங்கெட்ட கூட்டம். அதில் முன்வரிசை நான்.

அந்த மண்டபத்துக்கென்று ஒரு பாஷை இருந்தது. வாங்குவதை 'எடுக்கிறது' என்போம், விற்பதை 'விடுகிறது' என்போம். "காலமை ஐந்நூறு விட்டனான்" என்றால் ஐந்நூறு பங்கை விற்றேன் என்று அர்த்தம். என்னோடு கதைத்துக் கதைத்து என் அக்காவுக்கும் அந்தப் பாஷை தொற்றியிருந்தது. மற்றபடி எங்கள் வீடுகளில் 'அதை விட்டிடு' என்றால் நேர் எதிர்: தொடாதே, அது கிடக்கட்டும்.

அத்தான் யாழ்ப்பாணத்தில் இருதய வருத்தத்துக்கு மருந்து கிடைக்காமல் செத்துப்போனார். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் அவர் அக்காவின் பேரில் வாங்கிப்போட்ட ஹோட்டல் பங்குகள் மட்டும் மிஞ்சின. அவற்றைப் பார்க்கும் பொறுப்பை அக்கா எனக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பிறகு பத்தொன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு அவளும் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். அந்தப் பங்குகளை விற்று, பிள்ளையை ஏஜென்சிக்காரன் மூலம் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. குமர்ப்பிள்ளையை அந்த நாட்களில் இங்கே வைத்திருந்தது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரித்தான்.

வெள்ளவத்தையில் எனக்கு இரண்டு அறை வீடு. அவர்களை அங்கே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களை வைத்திருந்தால் ஆர்மிக்காரன் வந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்ப்பான் என்று மனைவி முகத்தைத் தூக்கினாள். அவள் முகத்தைத் தூக்கியது எனக்கு வசதியாகப் போயிற்று. "லொட்ஜ்தான் அக்கா உங்களுக்குச் சுகம், முழுக்க எங்கட சனம்" என்று நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் வெள்ளவத்தையிலேயே, பெரிய தெருவான காலி வீதிக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் சேர்த்தேன். ஒரு அறை, ஒரு கட்டில், மூட்டைப்பூச்சி. "நல்லாயிருக்கு தம்பி" என்றாள் அக்கா. எதற்கும் அப்படிச் சொல்லும் பிறவி.

ஒருநாள் காலையில் கந்தோருக்குப் போன் வந்தது. லொட்ஜுக்கு எதிரே, காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமியூனிகேஷன் கடையில் இருந்து அக்கா. அந்தக் காலத்தில் காசு, ஏஜென்சி, விற்பனை என்று எவரும் போனில் வாய்விட மாட்டோம். அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ, இடையில் யார் கேட்கிறார்களோ. என் பக்கத்து மேசையிலும் ஒரு சிங்களக் கிளாக்கர். அவருக்கு எவ்வளவு தமிழ் தெரியும் என்று யார் கண்டது?

"தம்பி, ஆள் வந்தவர்" என்றாள். ஏஜென்சிக்காரனைச் சொல்கிறாள். "வாற கிழமை புதன் வெளிக்கிடுகினமாம். மிச்சத்தை அதுக்கு முதல் தரட்டாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதை விட்டிடு."

இரண்டொரு வார்த்தை கதைத்துவிட்டு வைத்தேன்.

எனக்கு விளங்கியது. பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். விற்றால் காசு கைக்கு வர ஒரு கிழமை செல்லும், அதனால் அன்றைக்கே விற்க வேண்டும். உடனே மண்டபத்துக்குப் போனேன். விலை நாற்பத்திரண்டு. ஏஜென்சிக்காரனுக்குத் தாராளமாகக் காணும். ஆனால் மண்டபம் அன்றைக்குக் கலியாண வீடு மாதிரி இருந்தது. பேச்சுவார்த்தை தொடங்கப் போகிறதாம். பக்கத்தில் இருந்த பென்சன்காரர் என் தொடையில் தட்டி, "ஐம்பது போகும் ஐசே! இப்ப விடுறவன் விசரன்" என்றார்.

விசரனாக எனக்கு விருப்பமில்லை. இதில் கேவலம் என்னவென்றால் அது என் காசுகூட இல்லை. ஏறினால் எனக்கு ஒரு சதமும் வராது. அக்காவின் பங்கை ஐம்பதுக்கு விற்றுக் கொடுத்தவன் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லலாம், அவ்வளவுதான். அந்த அற்ப ஆசைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் நாற்பத்துநாலு. அதற்கடுத்த நாள் நாற்பத்தாறு. அக்கா இரண்டு தரம் போன் எடுத்தாள், நான் துறைமுகத்துக்குப் போய்விட்டேன் என்று சொல்லச் சொன்னேன். புதன் வந்தது. ஏஜென்சிக்காரன் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்கு வந்தாள். "காசு வரேல்லையே தம்பி?" என்றாள்.

பொய் தானாகவே வாயில் வந்தது. "விட்டிடு எண்டுதானே அக்கா சொன்னனீங்கள்? விக்க வேண்டாமாக்கும், கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அக்கா என்னைக் கனநேரம் பார்த்தாள். பிறகு தன் வாயிலே தானே படார் படார் என்று அடித்துக்கொண்டாள். "இந்த வாய்! இந்த நாசமாப்போன வாய்! ஒண்டை வடிவாச் சொல்லத் தெரியேல்லை எனக்கு!" மனைவி குசினியில் இருந்து ஓடிவந்து கையைப் பிடித்தாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுத்த குறூப்பில் அனுப்பலாம், அதற்குள் விலையும் ஏறிவிடும் என்று புத்தி சொன்னேன். சொல்லும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தூ!

நாற்பத்தெட்டு வரைக்கும் ஏறியது. பிறகு கொழும்பில் ஒரு குண்டு. பேச்சுவார்த்தையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மண்டபத்தில் எல்லாரும் விற்க ஓடினோம், வாங்கத்தான் ஆளில்லை. மறுநாள் விடிய வெள்ளவத்தை லொட்ஜுகளைச் சுற்றி வளைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவு பிள்ளையிடம் இருந்தது, அடையாள அட்டை இருந்தது. வயதும் ஊரும்தான் பிழை. கொண்டுபோய்விட்டார்கள்.

எட்டு மாதம் உள்ளே இருந்தாள். லோயருக்காக அந்தப் பங்குகளைப் பத்தொன்பதுக்கு விற்றேன். சனிக்கிழமைகளில் அக்கா சோற்றுப் பார்சலோடு போய் வெயிலில் வரிசையில் நிற்பாள். யார் கேட்டாலும் ஒரே கதை: "தம்பியில ஒரு பிழையும் இல்லை. நான்தான் போனில விளங்காமச் சொல்லிப்போட்டன்." சொந்தக்காரர் எல்லாரும் அவளைத் திட்டினார்கள், பெத்த பிள்ளையைத் தன் வாயாலேயே கெடுத்தவள் என்றார்கள். எனக்கு முன்னாலேயே சொன்னார்கள். "சரி, பாவம், அவ என்ன செய்வா" என்று நான் பெரிய மனிதன் மாதிரிச் சமாதானம் பண்ணினேன்.

பிள்ளை வெளியே வந்த பிறகு இரண்டு பேரும் தெஹிவளையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸுக்குப் போனார்கள். ஒரு ஞாயிறு, அப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஜன்னலோரம் இருந்தாள். எலும்பும் தோலுமாக, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, யாரோ மாதிரி இருந்தாள். அப்பிளை மேசையில் வைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா அண்டைக்குப் போனில வடிவாச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினேன்.

"அம்மா போன் எடுக்கேக்க நானும் பக்கத்தில நிண்டனான் மாமா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "'எவ்வளவுக்கு விடுறது அக்கா?' எண்டு நீங்கள் கேட்டது எனக்கே கேட்டது. 'எவ்வளவெண்டாலும் பரவாயில்லை' எண்டு அம்மா சொன்னவ."

கேட்டேன்தான். இத்தனை மாதமாக அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் மறந்திருந்தேன். சத்தியமாக மறந்திருந்தேன்.

"அப்ப அம்மாவுக்கு..."

"அம்மாவுக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சுகொண்டே ஏன் பிள்ளை அவ தன்ர வாயில அடிச்சவ?"

"உங்களோட கோவிச்சுக்கொண்டு இந்தக் கொழும்பில எங்க மாமா போறது? பொலிஸ் பதிவில எங்களுக்குப் பொறுப்பெண்டு உங்கட பேர்தானே கிடக்கு."

அந்த நேரம் அக்கா சோற்றுக் கோப்பையோடு வந்தாள். "முதல்ல சாப்பிடு தம்பி, ஆறப்போகுது" என்று என் கையில் தந்தாள். சோற்றுக்கு மேலே மீனின் நடுத்துண்டு இருந்தது. நான் சாப்பிட்டேன். முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டாள். போடுங்கோ என்றேன்.