சிஸ்டரின் கைப்பையில் இருந்த பிரதி

கிளினிக்குகளில் மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றில்தான் சிஸ்டர் தன் பென்டிரைவை வைத்திருப்பார். பையின் வாயை மடித்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் துண்டால் ஒட்டி, அதன்மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். மறுநாள் வேலை முடியும்போது பழைய பிளாஸ்டரை உரித்துவிட்டுப் புதியது ஒட்டுவார். நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "என்ன சிஸ்டர், நகை மாதிரி பத்திரப்படுத்துறீங்க?" என்று கிண்டலாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நகை போனா வேற வாங்கிக்கலாம் தம்பி. என் பேஷண்ட் எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்க" என்றார்.

கிள்ளானில் ஒரு பழைய கடைவரிசையில், சங்கம் ஒன்று நடத்திய டயாலிசிஸ் மையம் அது. கீழே பதிவு மேசையும் காத்திருக்கும் இடமும். மாடியில் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள். சிஸ்டர்தான் தலைமைத் தாதி. வயதான நோயாளிகளுக்கு மட்டும் அவர், தாதிகளை அந்தக் காலத்தில் கூப்பிட்டபடி, ‘மிஸ்ஸி’. அந்த மையத்தின் மென்பொருளை எழுதியது பெட்டாலிங் ஜெயாவில் இருந்த எங்கள் சின்ன நிறுவனம். அதில் தொல்லை வந்தால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவது என் வேலை.

பெரிய இடங்களில் தரவுத்தளத்துக்கென்று தனி இயந்திரமும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும். எங்களுடையது அப்படியல்ல. மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு, வெறும் ஒரு கோப்பாக, கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும் வகை. ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஆகவே யாரும் பார்ப்பதுமில்லை. ஆரம்பத்தில் அதில் ஒரே புகார்தான் வந்துகொண்டிருந்தது. சிஸ்டர் எதையாவது பதியப் போனால், ‘தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து நிற்கும். சுவரில் மாட்டியிருந்த திரை ஒன்று நோயாளிகளின் முறையைக் காட்டுவதற்காக அதே கோப்பை ஓயாமல் படித்துக்கொண்டிருந்தது. ஒன்று படிக்கும்போது இன்னொன்றால் எழுத முடியவில்லை. எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அதை ஒரே வரியில் தீர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவர் செய்தது தவறான காரியமில்லை. நானும் அதையே செய்திருப்பேன். புதிதாக எழுதுவதை எல்லாம் முதலில் பக்கத்திலேயே ஒரு துணைக் கோப்பில் சேர்த்துவைத்து, சமயம் கிடைக்கும்போது மூலக் கோப்புக்கு மாற்றிக்கொள்ளும் முறை அது. படிப்பதும் எழுதுவதும் மோதிக்கொள்ளாது. பூட்டுச் செய்தி அடியோடு நின்றது. சிஸ்டர் எங்கள் அலுவலகத்துக்குக் கறிபாப் பலகாரம் வாங்கி அனுப்பினாராம்.

ஆனால் அந்தச் ‘சமயம்’ கிடைக்க வேண்டுமானால் படிக்கிறவர் கொஞ்சமாவது கண்ணை எடுக்க வேண்டும். சுவர்த் திரை எடுக்கவே இல்லை. மறுபடி எல்லாவற்றையும் திறக்க நேரமாகிறதென்று அந்தக் கணினியை அவர்கள் அணைப்பதும் கிடையாது. ஆகவே வாரக்கணக்கில் பதிந்ததெல்லாம் துணைக் கோப்பிலேயே தங்கிக் கிடந்தது. சிஸ்டர் பழைய பழக்கப்படி மூலக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பிளாஸ்டரில் அன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தார். தேதி புதிது, உள்ளே இருந்தது பழசு. அவர் திறந்து பார்க்காமலும் இல்லை. அவ்வப்போது மடிக்கணினியில் போட்டுப் பார்ப்பாராம். பெயர்கள் எல்லாம் இருக்கும். ஒரு பிழைச் செய்தியும் வராது.

பிறகு கிள்ளானில் வெள்ளம் வந்தது. கீழ்த்தளக் கணினி, நோயாளிகளின் காகித அட்டைகள், எல்லாம் சேற்றுத் தண்ணீரில் மூழ்கின. மாடியில் இயந்திரங்கள் தப்பின. டயாலிசிஸ் நோயாளிகள் சாலை திறக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்த உடனே, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சிஸ்டர் கைப்பையிலிருந்த பிரதியை மடிக்கணினியில் போட்டார். எப்போதும்போல் திறந்தது. எங்களை அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று தோன்றும்படி எதுவும் நடக்கவில்லையே. பழைய வருகைகளைப் புரட்டிப் பார்க்க அன்று யாருக்கு நேரம்? அன்றைய பக்கத்தை மட்டும் பார்த்து வேலையை ஆரம்பித்தார்கள்.

அன்று வந்தவர்களில் ஒருவர் லோரி அங்கிள். போர்ட் கிள்ளானில் காலமெல்லாம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். மனைவி போனபிறகு சாப்பாடே இறங்காமல் எலும்பும் தோலுமாக இருந்தாராம். மகள் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டதில், வெள்ளத்துக்கு முந்திய வாரங்களில் உடம்பில் சதை பிடித்திருந்தது. டயாலிசிஸ் முடியும்போது ஒருவர் எந்த எடைக்கு வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேலிருப்பதைத்தான் நீரென்று இயந்திரம் உறிஞ்சும். மையத்தின் டாக்டர் அந்த எடையை உயர்த்தும்படி தொலைபேசியில் சொன்னார், சிஸ்டர் பதிந்தார். கைப்பைப் பிரதியில் அந்த மாற்றம் இல்லை. பழைய எடைக்கு வரும்வரை இயந்திரம் அவரிடமிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்தது. இரத்த அழுத்தம் விழுந்து, நாற்காலியிலேயே நினைவு தப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

சங்கத்தார் விசாரணைக் குழு வைத்தார்கள். டாக்டர், தான் சொன்னது உண்மை என்றார். கோப்பில் இல்லை. ஆகவே சிஸ்டர் பதிய மறந்துவிட்டார் என்று முடிவுகட்டத் தயாராக இருந்தார்கள். அது நிலைத்தால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து. நனைந்த கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோன கடைக்காரரோ, தரவுத்தளக் கோப்பை மட்டும் எடுத்துவைத்துவிட்டு, மற்றதெல்லாம் குப்பை என்று வன்வட்டை அழித்திருந்தார். துணைக் கோப்பு அதோடு போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். அவரைச் சொல்லி என்ன பயன், அந்தக் கோப்பின் பெயரைப் பார்த்தால் யாருக்கும் குப்பை என்றுதான் தோன்றும்.

நான் குழுவுக்கு முன்னால் போய் விளக்கப் போகிறேன் என்றதும் எங்கள் முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நம்ம சாப்ட்வேர்ல கோளாறுன்னு நீயே போயி சொல்லப் போறியா? பைத்தியமா லா உனக்கு? யூசர் மிஸ்டேக்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு." நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அந்தக் கூட்டம் எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. மேசைமேல் கணினியை வைத்து, சுவர்த் திரைக்கான நிரலை ஓடவிட்டு, குழுத் தலைவரையே ஓர் எடையை மாற்றிப் பதியச் சொன்னேன். சிஸ்டர் செய்வதுபோலவே கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, அவர் கண்ணெதிரே மடிக்கணினியில் திறந்தேன். பழைய எடைதான் இருந்தது. "இப்பதானே நான் டைப் பண்ணேன்!" என்றார் தலைவர். பிரதியில் இருந்த கடைசிப் பதிவின் தேதியைக் காட்டினேன். அதற்குப் பிந்திய வாரங்களில் எந்த நோயாளிக்கும் ஒரு வரிகூட இல்லை. ஒருவரும் வராமலா இருந்தார்கள்? சிஸ்டர் பதியத் தவறவில்லை என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் மென்பொருளில் பிரதி எடுக்கத் தனிப் பொத்தான் இருக்கிறது. துணைக் கோப்பில் உள்ளதையும் சேர்த்துப் பத்திரமாக எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை வெறும் கோப்பாக நினைத்து நகலெடுக்காதீர்கள் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் கிளிப்பிள்ளைபோல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம் கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் சிஸ்டரின் வீட்டுக் கூடம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

குழு அவரை வேலைக்குத் திரும்பச் சொல்லியும் அவர் போகவில்லை. காரணம் கேட்க நான்தான் போனேன். கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். மெலிந்திருந்தார். "உங்க மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சே சிஸ்டர், ஏன் வரமாட்டேங்கிறீங்க?" என்றேன்.

"அன்னிக்கி அங்கிள் என் கையப் புடிச்சிக்கிட்டு சொன்னாரு தம்பி. ‘மிஸ்ஸி, ரொம்ப இழுக்குதும்மா, போதும்’னு. நான் ஸ்கிரீனப் பாத்தேன். ‘இன்னும் கொஞ்சம்தான் அங்கிள், இதுல அப்படித்தான் போட்டிருக்கு’ன்னு சொன்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"நான் டைப் பண்ண மறந்துட்டேன்னு அவங்க சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆனா தனியா இருக்கறப்ப, ஒருவேள மறந்துதான் போயிருப்பேனோன்னு நெனச்சிக்குவேன். மறதின்னா மனுசனுக்கு வர்றதுதானே. அப்படி நெனச்சாத்தான் கொஞ்சம் தூக்கம் வரும். நீங்க வந்து, நான் மறக்கவே இல்லன்னு எல்லாருக்கும் காட்டிட்டீங்க. புது வெயிட்ட இந்தக் கையாலதான் டைப் பண்ணிருக்கேன். அங்கிளுக்கு வெயிட் ஏத்தினது எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சிக்கிட்டேதான் ஸ்கிரீனப் பாத்து சொல்லியிருக்கேன்."