கறுப்புத்தாள் சுற்றிய குழாய்

காளீஸ்வரிக்குப் பயப்பட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நரிக்குடிப் பக்கம் மழையை நம்பிக் குதிரைவாலி விதைக்கிற ஜெயபாண்டியின் மகள் அவள்; பயம் கூடவே பிறந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் என்னோடு வேதியியல் நடத்துகிறாள். இலைக்குள் வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளக்கிற நொதியில் நாலு மாங்கனீசு அணுக்கள் உண்டு. வெளிச்சம் பட்டதும் அவை எப்படி மாறுகின்றன என்று எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. கதிர்க்கூடம் இந்தூரில். இரண்டு வருஷம் எழுதிக் கேட்டு மூன்று நாள் கிடைத்தது.

குதிரைவாலி இலையின் சாற்றை ஐந்து மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தாள். நாலு வெளிச்சம் பட்டவை. ஒன்று மட்டும் இருட்டிலேயே உறைந்தது, கறுப்புத்தாள் சுற்றியது. அது இல்லாவிட்டால் மற்ற நாலையும் எதோடும் ஒப்பிட முடியாது.

கிளம்புகிற அன்று காலை நைட்ரஜன் கேனின் வெளிப்பக்கமே பனி பூத்திருந்தது. கேன் கெட்டுவிட்டது, உள்ளே குளிர் நிற்காது.

"அக்கா, போச்சுக்கா!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நைட்ரஜன் இருக்கிற இடம் திருச்சுழி ரோட்டு மாட்டாஸ்பத்திரிதான். ஆட்டோவில் பறந்தோம். வழியெல்லாம் கேனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என் உயிரையும் வாங்கினாள்.

மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கோட்டைச்சாமி, "எங்க கேன்ல மாத்தித் தாரேன் டீச்சர்" என்று வாங்கிக்கொண்டார். உள்ளே இருப்பது என்னவென்று இவள் சொல்லவில்லை. இந்தூருக்குப் போன் பேச வெளியே ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன். திரும்பி வந்தபோது அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"எல்லாம் செத்துப்போச்சு டீச்சர். ஒண்ணுகூட நீந்தலை."

காளை விந்தையும் இப்படி மெல்லிய குழாயில்தான் உறைய வைப்பார்கள். கேன் கெட்டால் ஒரு குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, விந்தில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம்.

"எத உருக்குனீக?" காளீஸ்வரி கேனை எட்டிப் பார்த்தாள்.

"கறுப்புத்தாள் சுத்துனதத்தான். தனியா வச்சிருந்தீகளே, ஒசந்த காளைன்னு நெனச்சேன்."

அடப்பாவி மனுஷா! காளீஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி சாறு எடுக்கப் பத்து நாளாகும். மறுபடி கதிர் எப்போது கிடைக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

நான் அவள் காதோரம் குனிந்தேன். "ஏடி, மத்த நாலுல ஒண்ணுக்குக் கறுப்புத்தாளச் சுத்திருவோம். எவனுக்குத் தெரியப்போகுது?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் வெளிச்சம் பட்டதுதானக்கா, எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒண்ணுபோலத்தான் காட்டும். வெளிச்சம் பட்டும் மாறலைன்னு எழுதணும். எவனுக்கும் தெரியாது, நெசந்தான். அதான்க்கா பயமாருக்கு."

பிறகு இந்தூருக்குப் போன் போட்டு, தன் மூன்று நாளையும் வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். பேசி முடிக்கும்வரை என் கையை விடவில்லை.