பென்டிரைவில் சந்தன வாசம்

அன்று விஜயதசமி. கோவையில் நான் தேடிப் போன கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மகள் பிறந்தபின் வேலையை விட்ட என் மனைவிக்கு மதியம் மூன்று மணிக்கு ஆன்லைன் நேர்காணல். வெளிநாட்டுக் கம்பெனிக்கு விஜயதசமி ஏது? காலையில் பார்த்தால் அவள் லேப்டாப்பில் விண்டோஸ் கிளம்பவே இல்லை.

"பயப்படாத அம்மணி, புதுசா ஏத்திக் குடுத்தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் லேத் பட்டறைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்றுவதற்கான பென்டிரைவைத் தயார் செய்து கொண்டுவந்தேன். அங்கே ஒழுங்காக ஓடியது, லேப்டாப்பில் இருந்த ஒரே யூ.எஸ்.பி. ஓட்டையில் செருகினால் செத்ததுபோல் கிடந்தது. செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன். திரும்பப் பட்டறைக்கு ஓடி, புதிதாகத் தயார் செய்தேன். பன்னிரண்டு மணி தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. நான் நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளோ நிதானமாகச் சோறு வடித்துவிட்டு வந்தாள். பென்டிரைவை உருவி மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏனுங்க, இதுல சந்தன வாசம் அடிக்குதுங்களே?"

சுருக்கென்றது. முந்தின நாள் ஆயுத பூஜையில், அவளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, லேத்துக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டாக லேப்டாப்புக்கு வைத்தவன் நான்தான். வழிந்த சந்தனம் ஓட்டைக்குள் காய்ந்திருந்தது.

பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். இன்ஸ்டால் திரை வந்த பிறகே மூச்சு விட்டேன்.

நேர்காணலுக்கு உட்காருமுன் அவள் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். "பேசப்போறது நானுங்க. எனக்கு வெச்சு உடுங்க."

வைத்தேன். அவள் நெற்றி வியர்த்துச் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து நான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.