கோடையில் பிடித்த கதவு

உக்கிரபாண்டிக்குப் பத்து வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போயின. தலையெடுத்து வீட்டுப் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து அவர் வீட்டில் ஒரு ஆணியைக்கூட அடுத்தவர் அடித்ததில்லை. ஓடு மாற்றுவது, சுவர் பூசுவது, தாழ்ப்பாள் பொருத்துவது எல்லாம் அவர் கைதான். திருப்புல்லாணிக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் ஆசாரி இல்லாமலில்லை. கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். உக்கிரபாண்டிக்கு அது கௌரவக் குறைச்சல். பிடிவாதம் பிடித்த மனிதர், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவருக்கு ஏற்ற ஜோடியாகக் கீழக்கரையில் நெய்னா முகம்மது அகப்பட்டார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தம்பியின் கயிற்றுக் கடையில் உட்கார்ந்து பூட்டும் கீலும் சரிசெய்துகொண்டிருப்பார். கயிறு வாங்கப் போன உக்கிரபாண்டி முறுக்கைத் தடவிப் பார்த்து, ஈரத்தோடு திரித்த கயிறு என்று குறை சொன்னார். “அதத்தான் நானும் காலைலருந்து சொல்றேன், எவன் கேக்குறான்” என்று கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அன்று ஒட்டிக்கொண்டவர்கள்தான். சந்தை நாளானால் உக்கிரபாண்டி பஸ் ஏறிவிடுவார். மாப்ளே, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு இருவரும் பேசியதெல்லாம் வீட்டுக் கதை. வீட்டுக் கதை என்றால் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றியல்ல, சுவரையும் கூரையையும் கதவையும் பற்றி.

கூரை ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மண்சட்டி, செம்பு, தகர டப்பா என்று வெவ்வேறு பாத்திரங்களைத் தரையில் பரப்பிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றச் சொல். எது சத்தம் கொடுக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் ஓட்டை. இது உக்கிரபாண்டியின் யோசனை. ஆணியை விரலால் பிடிக்காமல் சீப்பின் பல்லுக்கு நடுவே நிறுத்தி அடித்தால் நகம் தப்பும். இது நெய்னாவுடையது. பூச்சு மணலை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும் என்பதை மட்டும் இருவருமே சொந்தமாகக் கண்டுபிடித்ததாகச் சாதித்தார்கள். அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை.

மரத்தைத் தட்டிப் பார்ப்பது நெய்னா சொல்லிக் கொடுத்தது. விரல் முட்டியால் தட்டினால் டொங்கென்று கேட்கக் கூடாது. கேட்டால் உள்ளே கரையான் குடியிருக்கிறது. கெட்டியாகக் கேட்டால் பயமில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயலில் உக்கிரபாண்டியின் உள் அறைச் சுவர் ஊறிப்போயிற்று. சில மாதம் கழித்து, அந்த அறை வாசல் நிலைக்கு மேலே சுவரில் உட்கார்ந்திருந்த விட்டத்தின் முனையைத் தட்டிப் பார்த்தார். டொங்கென்றது. வேப்பெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கலந்து விடாமல் தடவி வந்தார். அடுத்த தை மாதம் தட்டியபோது சத்தம் மாறியிருந்தது.

“தேறிருச்சு மச்சான், கெட்டியாக் கேக்குது” என்று சந்தையில் போய்ப் பெருமை அடித்துக்கொண்டார். நெய்னாவும் சந்தோஷப்பட்டார். தின்னப்பட்ட மரம் எப்படி மறுபடி வளரும் என்று அந்த இரண்டு கெட்டிக்காரர்களுக்கும் தோன்றவே இல்லை.

மாசியில் மகள் பாண்டியம்மாளுக்கு வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர நாள் குறித்தார்கள். உள் அறைதான் அவளுக்கு. அந்த அறையில் கொஞ்ச நாளாகக் காலையில் தரையெல்லாம் மண் உதிர்ந்து கிடந்தது. மனைவி ராக்கு, ஓட்டுத் தூசி என்று கூட்டித் தள்ளினாள். அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும். சுண்ணாம்பு அடித்த விட்டம் அவளுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. விட்டத்துச் சந்தில் கூடு கட்டியிருந்த குருவிகள் ஒரு நாள் போய்விட்டன. சத்தம் குறைந்தது நல்லதாயிற்று என்றாள்.

பிறகு அந்த அறைக் கதவு பிடிக்க ஆரம்பித்தது. தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி இதோடு மல்லுக்கட்டுவாளா என்று உக்கிரபாண்டி கதவைக் கழற்றி மேல் விளிம்பை இழைத்தார். சில நாளில் மறுபடி பிடித்தது. மறுபடி இழைத்தார். மகள் வந்து இறங்கியபோது கதவு விரல் பட்டாலே திறந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பங்குனிச் சந்தையில் இதை நெய்னாவிடம் சொன்னார். நெய்னா கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார்.

“எப்பருந்து மாப்ளே பிடிச்சுச்சு?”

“மாசிலருந்து.”

“மாசில ஏது மழை? கோடைல மரம் வத்தும், எங்கயாச்சும் ஊதுமா? எந்தப் பக்கம் இழைச்சே?”

“மேல.”

“அப்ப கதவு ஊதல. நெலைதான் எறங்குது. மண்ணு எதுவும் கொட்டுதா?”

“தூசி கொட்டுதுன்னு ராக்கு கூட்டுறா.”

“கரையான் தின்ன எடத்துலயெல்லாம் மண்ணை வச்சு அடைச்சுக்கிட்டே போகும் மாப்ளே. அடைச்சா கெட்டியாத்தானே கேக்கும்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “தட்டிப் பாக்கச் சொன்னேனே ஒழிய, ஊசிய வச்சுக் குத்திப் பாக்கச் சொல்லலையே நான். அல்லாவே. நீ எந்திரிச்சு ஓடு. பிள்ளைய வெளிய கொண்டா.”

உக்கிரபாண்டி வாங்கிய சாமானை அங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். விட்டத்தின் பாரத்தை இத்தனை நாளும் அந்தக் கதவு தாங்கியிருக்கிறது. அதைத்தான் அவர் சிரத்தையாக இழைத்துத் தள்ளியிருக்கிறார். பஸ் நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ சாவகாசமாக மூட்டை இறக்கினார்கள். பாண்டியம்மாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்துவிடுவாள் என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கூப்பிட்டார். ராக்கு கிணற்றடியில் இருந்தாள். உள் அறை வாசலில் நின்று கையைத் தூக்கி, நிலைக்கும் விட்டத்துக்கும் நடுவே தடவினார். சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. விட்டத்தில் விரலை வைத்து அழுத்தினார். சுண்ணாம்புத் தோலைத் தாண்டி விரல் மண்ணுக்குள் இறங்கியது.

“ஆத்தா பாண்டியம்மா, எந்திரிச்சு வெளிய வா தாயி.”

“இப்பத்தான்யா கண்ணசந்தேன். என்ன அவசரம்?”

“கேள்வி கேக்காம வா.”

அவள் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். மேலே மரம் முனகுவது அவருக்குக் கேட்டது. கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் விழுந்துவிடும் என்று அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது. ஒரு மனிதக் கை தாங்கிவிடுமா என்ன. மகளின் சேலை தன் மேல் உரசிக் கடந்து போகும்வரை அப்படியே நின்றார். அவள் வாசல் தாண்டியதும் விட்டத்தின் முனை இறங்கி நிலையின் மேல் உட்கார்ந்தது. நடுவில் அவருடைய வலது கை இருந்தது. அறைக்குள் ஓடுகள் கொட்டி முடிய வெகு நேரமாயிற்று.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மிச்சத்தை வைத்துத் தைத்துக் கட்டுப் போட்டார்கள். சித்திரையில் ராக்குவின் அண்ணன் வீட்டில் பாண்டியம்மாளுக்குப் பெண் பிறந்தது. என்னால்தானே அய்யா உங்க கைக்கு இப்படி ஆச்சு என்று அவள் அழாத நாளில்லை. கட்டை அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவரும் தினம் சொன்னார்.

கட்டு அவிழ்த்த பிறகு நெய்னா முகம்மது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பாண்டியம்மாள் பக்கத்திலேயே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெய்னா நலம் விசாரித்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

“கைய பலகை மேல வையி மாப்ளே. ஊசி கொண்டாந்துருக்கேன். விரல் விரலாக் குத்துறேன், தெரியுதான்னு சொல்லு.”

உக்கிரபாண்டி கையை வைத்தார். மகள் பிள்ளையைக் கொஞ்சுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு குத்துக்கு ஆகும் நேரம் பொறுத்தார்.

“தெரியுது மச்சான்” என்றார், அவளுக்கும் கேட்கும்படி. “நல்லாவே சுருக்குங்குது.”

நெய்னா குனிந்து அவர் காதருகே வாயை வைத்தார். “நான் இன்னும் ஊசிய எடுக்கவே இல்லையே” என்றார் மெதுவாக.