குதிரை இறங்காத ஆறு

ஆமோஸ் விட்லி ஊழியத்துக்கு வந்த நாள் முதல் ஒரே குழப்பம்தான். உள்ளே பேசுவது கர்த்தரா, சொந்த ஆசையா என்று அவருக்குப் பிடிபடாது. அமெரிக்காவின் மிசூரிக் காட்டுப்புறத்தில், மரக்கட்டை அடுக்கிக் கட்டிய சபைகள் எல்லாம் அவர் பொறுப்பு. குதிரையில் ஒரு சுற்று முடிப்பதற்குள் பருவமே மாறிவிடும். கரடிக்கு அஞ்சாத மனிதர், ஒரு முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் வெலவெலத்துப் போவார். அப்போதெல்லாம் கடிவாளத்தைத் தன் குதிரை டாலியின் கழுத்தில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி ஜெபிப்பார். டாலி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதுவே தேவ சித்தம். டாலியோ பெரும்பாலும் சோளம் கிடைக்கும் பக்கமே திரும்பியது.

அந்த இலையுதிர் காலத்தில், ஆற்றுக்கு அப்பால் இருந்த சைலஸ் ராண்டால் காய்ச்சலில் இறந்துபோனார். புதைக்க அக்கம்பக்கத்தார் போதும். அடக்கப் பிரசங்கம் மட்டும் பிரசங்கியார் வரும்வரை காத்திருக்கும், அது எத்தனை மாதமானாலும் சரி. செய்தி கேட்டு ஆமோஸ் மனதார அழுதார். அழுத கையோடு சைலஸின் மனைவி கெசியாவை நினைத்தார், நினைத்ததற்காக வெட்கப்பட்டார். "இன்னிக்கு ரொம்ப நேரம் நரகத்துலயே நின்னுட்டீங்க பிரசங்கியாரே, சாப்பாடு ஆறிப்போச்சு" என்று பிரசங்கம் முடிந்ததும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே பெண் அவள்தான்.

ஜனவரியில் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டுப் புறப்பட்டார். ஆற்றோரம் கொஞ்சம் பனிக்கட்டி, அவ்வளவுதான். தபால்காரர் அன்று காலைதான் கடந்து போயிருந்தார். பிரசங்கம் பண்ணப் போகிறோமா, அவளைப் பார்க்கப் போகிறோமா? ஆமோஸுக்குத் தெரியவில்லை. கடிவாளத்தைப் போட்டார். டாலி தண்ணீரை முகர்ந்தது, வந்த வழியே திரும்பியது.

"சரி ஆண்டவரே" என்று அவரும் திரும்பிவிட்டார்.

ஏப்ரலில் மறுபடி கிளம்பியபோது கையில் இரண்டு பேச்சுகள் இருந்தன, சைலஸுக்கு ஒன்று, கெசியாவிடம் தனக்காகப் பேச ஒன்று. வழியெல்லாம் இரண்டாவதைத்தான் ஒத்திகை பார்த்தார். இந்த முறை டாலியைக் கேட்காமலே ஆற்றைக் கடந்தார்.

கெசியா முற்றத்தில் வந்து குதிரையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க பிரசங்கியாரே. முதல்ல சைலஸுக்கு அடக்கப் பிரசங்கம். சாப்பிட்டதும் கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஜூபலோட."

ஜூபல் பக்கத்து நிலத்துக்காரன், சைலஸின் கூட்டாளி. ஆமோஸ் கேட்டார்: "ரெண்டும் ஒரே நாள்லயா?"

"இன்னிக்கு விட்டா நீங்க எப்ப வருவீங்களோ. உழவு கிடக்குது, பிள்ளைங்க கிடக்குதுங்க."

பிரசங்கத்தில் ஊரே அழுதது. ஜூபல்தான் அதிகமாக அழுதான். ஆமோஸும் அழுதார், யாருக்காக என்றுதான் அவருக்கே விளங்கவில்லை. கோழிக்கறியும் சோள ரொட்டியும் முடிந்ததும், அதே கோட்டோடு, அதே வேதப் புத்தகத்தோடு மணமக்களுக்கு முன்னால் நின்றார். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று முறைப்படி கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"யாரு வரணும்னு பாக்குறீங்க பிரசங்கியாரே?" என்றான் ஜூபல். எல்லாரும் சிரித்தார்கள். ஆமோஸ் அவசரமாக ஆசீர்வதித்தார்.

புறப்படும்போது கெசியா ரொட்டியைத் துணியில் சுற்றிச் சேணப்பையில் வைத்தாள். "ஜனவரியில ஏன் வரல?"

"வந்தேன். ஆத்துக்கிட்ட... டாலி இறங்கல."

அவள் குதிரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "அந்த மாசம் பூரா வழியைப் பாத்துட்டே இருந்தேன். ஜூபல் பிப்ரவரியிலதான் கல்யாணத்துக்குக் கேட்டாரு."

ஆமோஸ் சேணப்பையின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"குதிரையைக் கேட்டீங்களே," என்றாள் கெசியா தணிந்த குரலில், "என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

ஆற்றங்கரைக்கு வந்தபோது உருகிய பனியில் வெள்ளம் ஜனவரியைவிட உயர்ந்திருந்தது. டாலிக்கு வீட்டு ஞாபகம், சொல்லாமலே இறங்கியது. ஆமோஸ் வாழ்நாளில் முதல்முறையாகக் கடிவாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். நடு ஆற்றில் குதிரை நின்றது. எந்தப் பக்கம் இழுப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.